பிறந்த வீட்டில் வயலின்

(அருப்புக்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் நோட்டீஸில் 'ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி கேட்பது பற்றி' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருத் தம்பி ஒருவர், "எந்த ஊர்ப் பொங்கலுக்குண்ணே? எந்த செட்டு வருது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் முன்னால் மேடை போட்டு, இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு தபேலா, நாலைந்து பாடகர்களோடு விடிய விடிய நடக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான். நானும் தரையில் துண்டை விரித்து அதைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கீபோர்டுக்காரர் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரு பொத்தானை அழுத்துவார். முப்பது வயலின் சேர்ந்து வாசித்தது போல ஒரு சத்தம் வந்து கூட்டத்தின் மேல் பரவும். அந்தப் பொத்தானுக்குள் ஒடுங்கிப்போன முப்பது பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

வயலினில் தொடங்குகிறேன், ஏனென்றால் வயலின் நம் ஊர்க்காரர். சொல்லப்போனால் நம் கரிசல் காட்டுக்காரர்.

இங்கிருந்து தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினால் பந்தல்குடி தாண்டி ஒரு மணி நேரத்தில் எட்டயபுரம். எட்டயபுரம் என்றால் நமக்குப் பாரதி. சங்கீதக்காரர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர். 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று அவர் உயிர் பிரிந்தது அங்கேதான், சமாதியும் அங்கேதான். வழியில் சாத்தூர்ப் பக்கம் காய்ந்து வெடித்துக் கிடந்த பூமியைப் பார்த்து மனம் தாங்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. மழை பெய்ததோ இல்லையோ, அந்தப் பாட்டு இருக்கிறது. அந்தக் காய்ச்சலும் இருக்கிறது. அதற்கு நாமே சாட்சி.

ஆனால் நான் சொல்ல வந்தது தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியைப் பற்றி. அந்தக் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷாக இருந்த மணலி முதலியார் அவர்களை ஆதரித்தார். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிக்கும். அண்ணன் அந்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவை இவைதான். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு. தம்பி பாலுசுவாமியோ ஓர் ஐரோப்பியரிடம் உட்கார்ந்து வயலினையே கற்றார். கற்றதை நம் சங்கீதத்துக்குத் திருப்பினார். அவர்தான் பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவானாக வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கைக்கொண்டார். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன ஒரு வயலினைப் பரிசாகத் தந்தார்.

ஆக, கர்நாடக வயலினின் முதல் தலைமுறை வில்லோசை கேட்ட மண் இது. பருத்தியும் கம்பும் விளைந்த இந்தக் கரிசலில், இருநூறு ஆண்டுகளுக்கு முன், இத்தாலியில் பிறந்த ஒரு வாத்தியம் நம் தோடியையும் பைரவியையும் பேசப் பழகியது.

எப்படிப் பழகியது என்பதைக் கவனியுங்கள். அங்கே நின்றுகொண்டு வாசிப்பார்கள். நாடிக்கும் தோளுக்கும் நடுவில் வாத்தியம். இங்கே அதைத் தரையில் உட்காரவைத்தோம். தலைப்பகுதி பாதத்தில், அடிப்பகுதி மார்பில். பிடித்துக்கொள்ளும் வேலை இல்லாததால் இடது கை முழுக்க விடுதலை ஆகி, கமகத்துக்கு ஓடியாட வழி கிடைத்தது. அங்கே நாலு தந்திக்கும் நாலு சுருதி. இங்கே ஸ, ப, ஸ, ப. அதன் பேச்சை மாற்றினோம், உட்காரும் விதத்தை மாற்றினோம், வேலையையும் மாற்றினோம். துவாரம் வேங்கடசுவாமி நாயுடு, லால்குடி ஜெயராமன் போன்றவர்கள் தனிக் கச்சேரி செய்து வைத்த வழி பெரிது. ஆனாலும் அன்றாடம் வயலினுக்கு நம் மேடையில் என்ன பெயர்? பக்கவாத்தியம். பாட்டுக்காரர் ஒரு பிடி பிடித்தால் அரை நொடி பின்னால் அதே பிடி. அவர் நிறுத்தினால் இது தொடரும். அவர் தொடங்கினால் இது அடங்கும்.

நல்ல மருமகள். வந்த வீட்டின் சமையலை மாமியாரைவிடக் கைப்பக்குவமாகச் செய்கிறவள். அவள் வேற்றூர்ப் பெண் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

அவளை அவள் பிறந்த வீட்டில் நான் முதல்முறை பார்த்தது சில ஆண்டுகளுக்கு முன், மும்பையில். கடலோரமாக ஓர் அரங்கு. மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். முதல் பாதியில் பிராம்ஸ் எழுதிய வயலின் கன்செர்ட்டோ. இடைவேளைக்குப் பின் ரிச்சர்டு ஸ்ட்ராஸ் எழுதிய 'மரணமும் உருமாற்றமும்'. இரண்டு பெயரும் எனக்கு அச்சில் மட்டும் தெரிந்தவை.

கன்செர்ட்டோ என்றால் என்ன? ஒரு வாத்தியம் ஒரு பக்கம், ஒரு கூட்டமே மறுபக்கம். இரண்டும் பேசும், மல்லுக்கட்டும், சமாதானமாகும். மூன்று பகுதிகள், பிராம்ஸின் இந்தப் படைப்பு நாற்பது நிமிஷம் ஓடும். மேடையில் ஏறத்தாழ அறுபது பேர். வயலின்களே இரண்டு அணி. பக்கத்தில் வயோலா, வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, குரல் கனத்தது, அக்கா மாதிரி. அப்புறம் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ. ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் டபுள் பேஸ். அவற்றுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் எல்லாம் இரண்டிரண்டு. நாலு ஹார்ன், இரண்டு டிரம்பெட், கடைசி வரிசையில் டிம்பனி என்கிற தாமிரக் கொப்பரை முரசு.

எனக்கு அன்றைக்கு முதலில் தோன்றியது இதுதான்: அடடா, நம் வீட்டு வயலினுக்கு இத்தனை சொந்தமா! அம்மா, பெரியப்பா, அத்தை, தாத்தா, பங்காளி அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள். நம்மிடம் இது தன்னந்தனியாக அல்லவா வந்து சேர்ந்தது.

கச்சேரிக்கு முன் ஓபோக்காரர் ஒரே ஒரு சுரத்தை நீட்டினார். முதல் வயலின்காரர் எழுந்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு அணியாக அந்தச் சுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம் தம்பூராவை நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம்: நம் தம்பூரா கச்சேரி முழுவதும் கூடவே வரும். அவர்களுக்கு அது தொடக்கத்தில் ஒரு நிமிஷம். அப்புறம் அவரவர் காதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டிம்பனிக்காரர் முரசின் தோலுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். மிருதங்க வித்துவான் வார் பிடிக்கும்போது குனிவாரே, அதே குனிவு. முகத்திலும் அதே தனிமை.

பிறகு தொடங்கியது. தனி வயலின்காரர் முன்னால் நிற்கிறார், ஆனால் வாசிக்கவில்லை. இரண்டரை நிமிஷம் போல முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பேசுகிறது, அவர் சும்மா நிற்கிறார். வில் கீழே தொங்குகிறது. பிறகு ஒரு கணத்தில் வில் எழும்பியது. அது இழைவாக வரவில்லை. சண்டைக்கு வருவது போல வந்தது. நான் எங்கள் தெருவில் கேட்டுப் பழகிய பணிவான வயலின் இல்லை இது. அவள் பிறந்த வீட்டில் குரலை உயர்த்திப் பேசுவாள், அப்பனோடு வாதாடுவாள், அண்ணன் தோளில் தட்டுவாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இங்கே ஒரு குரலைப் பின்தொடர்கிறவள், அங்கே அறுபது பேரைப் பின்தொடர வைக்கிறாள்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சத்தத்துக்குள் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் காலையில் இருபது தறி ஓடும். இருபதும் சேர்ந்து ஒரு பெரும் சத்தம். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. ஒவ்வொரு தறிக்கும் தன் போக்கு. தூக்கத்தில்கூட எது எங்கள் வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதோடு போய் உட்கார்ந்தவனுக்கு, முப்பது வில் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வருவதைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைத் திருப்புகிறார், வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிக்கிறார். அந்த ஒரு நொடி விட்டுக்கொடுத்தலுக்காகவே அந்தக் கச்சேரியை நூறு தடவை பார்க்கலாம்.

நம் ரசிகர்கள் கேட்பார்கள்: எல்லாம் எழுதி வைத்து வாசிக்கிறார்களே, மனோதர்மம் எங்கே? அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதப்பட்டது சுரம் மட்டும்தான். வில்லில் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம், எந்த இடத்தில் மூச்சு, எது பூவாக விழவேண்டும், எது கல்லாக விழவேண்டும் என்பதெல்லாம் வாசிக்கிறவர் கையில். அதற்கு மேல் முதல் பகுதியின் கடைசியில் 'கடென்சா' என்று ஒன்று வரும். ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க நிறுத்திக்கொள்ளும், வயலின் மட்டும் தனியாக நடக்கும். நம் தனி ஆவர்த்தனம் போல. பிராம்ஸ் அந்த இடத்தை எழுதாமல் விட்டுவிட்டார். யாருக்காக விட்டார் என்றால், அவருடைய நண்பர் யோசப் யோவாக்கிம் என்ற வயலின் மேதைக்காக. யோவாக்கிம் எழுதிய கடென்சாவைத்தான் இன்றைக்கும் பலர் வாசிக்கிறார்கள்.

இனி தேதிகளைச் சொல்கிறேன், உங்களில் திருச்சுழிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

பிராம்ஸ் இந்தக் கன்செர்ட்டோவை எழுதியது 1878 கோடையில், ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில். அதே 1878இல் நம் மண் எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சத்தின் கடைசி. 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் செத்தார்கள். கஞ்சித் தொட்டியைப் பற்றி என் பாட்டி அவருடைய பாட்டி சொன்னதாகச் சொல்வார். அங்கே ஒருவர் தண்ணீருக்கு முன் உட்கார்ந்து சுரம் எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே குண்டாற்றில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதை யார்மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தவை என்று தெரிந்து கேட்கும்போது அந்த இசையின் கனம் எனக்குக் கூடுகிறது.

அரங்கேற்றம் 1879 ஜனவரி 1, ஜெர்மனியில் லைப்சிக் நகரில். யோவாக்கிம் வாசிக்க, பிராம்ஸே நடத்தினார். அன்றைக்கு அதே மேடையில் யோவாக்கிம் பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவையும் வாசித்தார். ஒரே மாலையில் இரண்டு மலை. 1879இன் முதல் நாள் அது. அந்த வருஷத்தின் கடைசிக்கு முந்தின நாள், டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாளின் பின்னிரவில், திருச்சுழியில் வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வேங்கடராமன். பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மும்பைக் கச்சேரியின் இரண்டாம் பாதிதான் என்னை விடவில்லை.

ஸ்ட்ராஸ் 'மரணமும் உருமாற்றமும்' என்ற படைப்பை எழுதி முடித்தபோது வயது இருபத்தைந்து. 1890 ஜூன் 21இல் ஐசனாக் என்ற ஊரில் அவரே நடத்தி அரங்கேற்றினார். பிற்கால ரொமாண்டிக் இசை என்று சொல்கிறார்களே, அதன் நடு வீட்டில் பிறந்த பிள்ளை இது. ஆர்க்கெஸ்ட்ரா பெருத்துவிட்ட காலம். பிராம்ஸுக்கு அறுபது பேர் போதும், இதற்குத் தொண்ணூறு பேர் வேண்டும். டிராம்போன், டியூபா, இரண்டு ஹார்ப் என்று மேடையில் கால் வைக்க இடமில்லை. கதை மிகச் சின்னது. ஓர் எளிய அறையில் ஒரு நோயாளி சாகக் கிடக்கிறான். வலி வருகிறது. குழந்தைப் பருவம் நினைவுக்கு வருகிறது. மறுபடி வலி. சாகிறான். வாழ்நாள் முழுக்க எட்டாமல் போன ஒன்று சாவுக்கு அப்பால் அவனுக்குக் கிடைக்கிறது. இருபத்தைந்து நிமிஷம் போல ஓடும்.

தொடக்கத்தில் தந்திகள் மிகத் தாழ்ந்த குரலில் ஒரு தாளம் போடுகின்றன. நேராகப் போடவில்லை, இடறி இடறிப் போடுகின்றன. நின்றுவிட்டதோ என்று பார்த்தால் மறுபடி வருகிறது. பிறகு அதை டிம்பனி வாங்கிக்கொள்கிறது. நோயாளியின் நாடி.

அந்த இடத்தில் நான் மும்பையில் இல்லை. எங்கள் வீட்டு ரேழியில் இருந்தேன். அப்பா கடைசி இரவு கட்டிலில் கிடக்கிறார். மூச்சு ஏறும், இறங்கும், நிற்கும். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்தில் மூச்சைப் பிடிப்போம். மறுபடி ஏறும். நாற்பது வருஷம் தறிக்கு முன்னால் நின்ற கால் போர்வைக்குள் லேசாக அசையும். விடியப்போகிற நேரத்தில் அடங்கியது. விஷயம் தெரிந்ததும் தெருவில் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்கள். கடைசித் தறியும் நின்றபோது அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்து முதல்முறையாகக் குருவிச் சத்தம் கேட்டது.

ஸ்ட்ராஸின் இசையில் சாவு எப்படி வருகிறது தெரியுமா? பெரிய முழக்கத்தோடு போராட்டம் உச்சிக்குப் போகிறது, பிறகு எல்லாம் வற்றிவிடுகிறது. வெண்கலத் தாம்பாளம் போன்ற ஒரு பெரிய தட்டை, டாம்-டாம் என்பார்கள், மிக மெதுவாகத் தட்டுகிறார்கள். சத்தமாக அல்ல. அது எழுந்து பரவி அப்படியே கிடக்கிறது. நம் ஊரில் இழவு வீட்டில் சங்கும் சேகண்டியும் ஒலிக்கிறதே, அந்தச் சேகண்டி. என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு தாள வாத்தியம். எனக்கு அது எங்கள் தெரு முனை.

அதற்குப் பிறகு அடி ஆழத்திலிருந்து ஒரு மெட்டு ஏறுகிறது. முன்பே நடுவில் அரைகுறையாகத் தலைகாட்டிய மெட்டுதான். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவுவது போல ஒரு தாவல் அதில் இருக்கிறது. அவசரமே இல்லாமல், அடுக்கடுக்காக, ஹார்ப்பும் கொம்பும் தந்தியும் சேர்ந்து அரங்கை நிரப்பி, பிறகு தானே மெலிந்து மறைகிறது.

1896 ஜூலையில், இந்த இசை அரங்கேறி ஆறு வருஷம் கழித்து, மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியில், நம் திருச்சுழிப் பையன் தனியாக இருக்கிறான். வயது பதினாறு. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. தகப்பனார் இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. திடீரென்று சாவு வருகிறது என்ற பயம் பிடிக்கிறது. யாரையும் கூப்பிடவில்லை. தரையில் மல்லாந்து கை கால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, செத்தால் எது சாகிறது என்று பார்க்கத் தொடங்குகிறான். உடம்பு சாகும், நான் என்பது சாகவில்லை என்று அவனுக்குப் பட்டுவிடுகிறது. ஆகஸ்ட் 29இல் வீட்டைவிட்டுக் கிளம்பி செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை போய்ச் சேர்கிறான்.

ஜெர்மன் இளைஞருக்கும் நம் பையனுக்கும் ஒருவரை ஒருவர் தெரிய வழியே இல்லை. ஒருவர் கற்பனையில் படுத்துப் பார்த்தார், தொண்ணூறு பேரைக் கொண்டு அதைச் சொன்னார். மற்றவர் உடம்பாலேயே படுத்துப் பார்த்தார், அதைச் சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே பேசவில்லை. மௌனத்தை உபதேசமாகக் கொண்ட ஒருவரின் ஊருக்குப் பக்கத்தில் நின்று நான் ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று யோசித்தேன். பொருந்தும் என்றே படுகிறது. அந்த இசை முடிந்ததும் அரங்கில் யாரும் கை தட்டவில்லை. நடத்துநர் கையை இறக்கவில்லை. பத்து விநாடி இருக்கலாம், கூடவும் இருக்கலாம். ஆயிரம் பேர் சேர்ந்து சும்மா இருந்தார்கள். அப்படி ஒரு சும்மாவுக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சத்தத்தை, சத்தம் என்று தள்ளிவிட முடியாது.

ஸ்ட்ராஸ் 1949 செப்டம்பர் 8இல் காலமானார். படுக்கையில் இருந்தபடி மருமகளிடம், சாவது அன்றைக்கு நான் எழுதியது போலவே இருக்கிறது என்ற பொருளில் சொன்னார் என்பார்கள். ரமணர் 1950 ஏப்ரல் 14இல் மகாசமாதி. அதற்கு ஐந்து வாரம் கழித்து, மே 22இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' முதன்முதலாகப் பாடப்பட்டன. நான்காவது பாட்டின் முடிவில் அந்த வாலிப வயது மெட்டை, அந்த உருமாற்ற மெட்டை, ஒரு கீற்று மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். மூன்றாவது பாட்டின் நடுவில் குரல் ஒதுங்கி நிற்க, ஒரு வயலின் தனியாக எழுந்து பாடும். கேட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. இந்த அரங்கேற்றத்துக்குப் பணம் ஈடு கட்டியவர் யார்? மைசூர் மகாராஜா ஜெயச்சாமராஜ உடையார். 4,800 டாலர். நன்றாக ஒத்திகை பார்த்து நடத்துங்கள், ஒலிப்பதிவு செய்து மைசூருக்கு அனுப்புங்கள் என்றார். அவரால் நேரில் போக முடியவில்லை. அவர் கர்நாடக சங்கீதத்தில் 94 கிருதிகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தவரும் அவரே. ஒரு காதில் தீட்சிதரையும் மறு காதில் ஸ்ட்ராஸையும் வைத்திருந்த மனிதர். இரண்டும் ஒரு தலைக்குள் இருக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அவரைக் காட்டுவேன்.

எட்டயபுரத்தில் அதற்கு முன்பே இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரம் அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற மகத்தான நூலை வெளியிட்டார். அந்த வேலைக்கு அவரைத் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். அவரே 1892 முதல் நம் கிருதிகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டு வந்தார். உலகத்தில் எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் எடுத்து வாசிக்கலாம் என்ற நினைப்பு. அந்த வேலையில் பணத்தையும் கண்பார்வையையும் இழந்தார். வயலின் இங்கே வந்தது பற்றிப் பேசுகிறோம். இங்கிருந்து நம் பாட்டை அங்கே அனுப்ப முயன்ற அந்த மனிதரைப் பேசுவதே இல்லை.

வயலின் தனியாக வந்தது என்றேன். சொந்தங்களும் வர முயலாமல் இல்லை. மும்பையில் மெஹ்லி மேத்தா 1935இல் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கினார்; அவர் மகன் ஜூபின் மேத்தா பின்னாளில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார். 1952இல் நேரு அழைப்பில் யெஹூதி மெனுஹின் வந்தார், கச்சேரி வருமானத்தைப் பஞ்ச நிவாரண நிதிக்குக் கொடுத்தார். வயலினால் வந்த காசு கஞ்சிக்குப் போனது. அந்தப் பயணத்தில்தான் நீதிபதி ராஜமன்னார் வீட்டில் துவாரம் வேங்கடசுவாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு நெகிழ்ந்தார். 2006இல் மும்பையில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா தொடங்கியது. 2025 மார்ச் 8இல் பண்ணைப்புரத்து இளையராஜா தன் சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாசிக்க வைத்தார். அந்த வாரம் நம் டீக்கடைகளில் எல்லாம் அதே பேச்சு. ஆனால் டீக்கடையில் பேசியவர்களில் ஒரு செல்லோவை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்?

என் ஆதங்கம் இதுதான். இந்த ஊரில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. நம் பிள்ளைகள் பேண்டு வாத்தியம் வாசித்துக் குடியரசு தினத்துக்கு அணிவகுக்கிறார்கள்; டிரம்பெட் ஊதத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நாலு குரலில் பாடும் பாடகர் குழு சர்ச்சில் இருக்கிறது. வயலின் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் பிள்ளை ஓபோ ஊதினால் எவ்வளவு சீக்கிரம் பிடிப்பான் தெரியுமா? இரண்டும் சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம், ஒரே வம்சம். இவர்களை ஒரு கூரையின் கீழ் உட்காரவைத்து, இதோ உன் குரல், அவன் குரலையும் கேட்டுக்கொண்டு வாசி என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். தொண்ணூறு பேர் வேண்டாம். இருபது பேர் போதும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் எட்டயபுரத்தில், அண்ணனுக்கு அஞ்சலி முடிந்த கையோடு, தம்பி பாலுசுவாமி பெயரால் இருபது பிள்ளைகள் தந்தி வாத்தியம் வாசிக்க வேண்டும். என் ஓய்வூதியத்தில் இரண்டு செல்லோவுக்கு நான் பொறுப்பு. கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதிவிட்டுப் போங்கள்.

இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது. பிராம்ஸ் கன்செர்ட்டோவின் நடுப்பகுதியைப் போடப் போகிறேன். ஒன்பது நிமிஷம் வரும். சரசாத்தே என்ற பெரிய ஸ்பானிய வயலின் வித்துவான் இந்தக் கன்செர்ட்டோவை வாசிக்க மறுத்துவிட்டார். காரணம் இந்தப் பகுதிதான்: முழுப் படைப்பிலும் நல்ல மெட்டு ஒன்றே ஒன்று, அதையும் ஓபோ வாசிக்கும், நான் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பதா என்றார். அவர் நிற்க மாட்டேன் என்ற இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கலாம்.

தம்பி, மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓபோ வரும். இரண்டு நிமிஷம் போல அதுதான் பாடும். அப்புறம் வயலின்.